நெடிக்கு யாரு சாட்சி?

ராத்திரி ரெண்டு மணிக்கு மூக்கு எரிஞ்சு முழிச்ச அனுபவம் உங்கள்ல எத்தன பேருக்கு இருக்குன்னு தெரியல. எனக்கு ரெண்டரை வருஷம் இருந்துச்சு. ஒரு ஆலையோட பின்பக்கச் சுவத்துலருந்து நடந்தா அஞ்சு நிமிஷத் தூரத்துல வாடகை வீடு. எந்த ஊரு, எந்த கம்பெனின்னு சொல்லப் போறதில்ல, சொன்னா பேச்சு அந்த ஒரு கம்பெனியோட நின்னுடும், நான் பேச வந்தது அத விட பெரிசு. முழிப்பு வரும், தொண்ட கரகரன்னு இருக்கும், எந்திரிச்சு ஜன்னல சாத்துவேன், சாத்தினா புழுங்கும், தெறந்தா நெடி, இப்படியே விடிஞ்சிடும். காலையில எட்டு மணிக்கு பாத்தா காத்து அப்படியே சுத்தமா இருக்கும், ராத்திரி நடந்ததெல்லாம் கனவோன்னு நமக்கே சந்தேகம் வந்துடும்.

ஒரு நாள் புகார் நம்பருக்கு போன் பண்ணேன். எடுத்தவர் மரியாதையாத்தான் பேசினாரு. "என்ன மாதிரி நாத்தம் சார்?"னு கேட்டாரு. என்ன பதில் சொல்றதுன்னு நெஜமாவே தெரியல. யோசிச்சுப் பாருங்க, நம்ம பாஷையில மூக்குக்குன்னு எவ்ளோ வார்த்தை இருக்கு. வாசம், வாடை, நாத்தம், நெடி, வீச்சம், முடை, மொச்சை. நெடின்னா தொண்டைல ஏறி கண்ணுல தண்ணி வர வைக்கறது, வீச்சம்னா அழுகினது, வாடைன்னா லேசா வந்துட்டுப் போறது. நான் இதெல்லாம் சொல்லிப் பாத்தேன், மனுஷன் பொறுமையா கேட்டுட்டு, "துர்நாற்றம்னு போட்டுக்கறேன் சார், பாரத்துல அது ஒண்ணுதான் இருக்கு"ன்னாரு.

ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஒருத்தர் கையில ஒரு மெஷினோட வந்தாரு. அப்ப காத்து எதிர்த்திசையில அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மெஷின்ல நம்பர் ஓடுச்சு, நின்னுச்சு, "எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்கு"ன்னு சொல்லி ஒரு தாள்ல கையெழுத்து கேட்டாரு. போட்டேன். இன்னிக்கும் உறுத்தறது அதுதான். இங்க ஒண்ணும் இல்லன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். தேதி, மணி, காத்து எந்தப் பக்கம், என்ன மாதிரி வாடை, யாருக்கு இருமல். அப்புறம் இத மாதிரி வேற யாராவது எழுதி வச்சிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சு, அது வருஷக்கணக்கா ஒரு பைத்தியம் மாதிரி ஆகி, இப்ப இந்த கட்டுரை வரைக்கும் வந்து நிக்குது.

முதல்ல கிடைச்ச கதையே என் கதைதான், ஆனா கலிஃபோர்னியாவுல. ரோடியோன்னு ஒரு ஊரு, அங்க ஒரு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1994-ல அந்த ஆலைலருந்து ஒரு கெமிக்கல் தொடர்ந்து 16 நாள் கசிஞ்சு ஊரு மேல விழுந்திருக்கு. பாதிக்கப்பட்ட ஜனங்களுக்காக வழக்கு நடத்தப் போன வக்கீல் எட்வர்ட் மாஸ்ரிக்கும் அவரோட வேலை பாத்த எரின் பிராக்கோவிச்சுக்கும் அங்க போன எடத்துலயே 1995-ல அந்த நெடில ஒடம்பு முடியாமப் போச்சு. மாஸ்ரி அதிகாரிங்களுக்கு போன் பண்றாரு. பதில் என்ன தெரியுமா, எங்க கருவியில எதுவும் தெரியலயே. வக்கீலுக்கு வந்த கோவம் நல்ல கோவம். சாதாரண ஜனங்களே காத்தப் புடிச்சு லேபுக்கு அனுப்பற மாதிரி மலிவா ஒரு சாதனம் பண்ணித் தாங்கன்னு இன்ஜினியருங்கள வச்சு செய்ய வச்சாரு.

அந்த சாதனம் என்னன்னு பாத்தா ஒரு வாளி. சும்மா பிளாஸ்டிக் வாளி, சுமார் இருபது லிட்டர் புடிக்கும், மூடி இருக்கும். உள்ள டெட்லார்ங்கற ஒரு வகை பிளாஸ்டிக் பை. அந்தப் பையோட வாய் ஒரு குழாய் வழியா வாளிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். வாளிக்குள்ள இருக்கற காத்த ஒரு சின்ன பம்ப்பு வச்சு உறிஞ்சி எடுத்தா, அந்த வெற்றிடத்த நிரப்ப பை தானா விரிஞ்சு வெளிக்காத்த உள்ள இழுத்துக்கும். கொஞ்ச நேரத்துல பை உப்பிடும், வால்வ மூடி லேபுக்கு அனுப்பணும், அவ்ளோதான். இதுல இருக்கற அழகு என்னன்னா, நெடி வரும்போது வாளி வீட்டுலயே இருக்கு. அதிகாரி வர்ற வரைக்கும் காத்து காத்திருக்க வேண்டியதில்ல.

இந்த வாளி போன ஊர்கள்ல லூசியானா மாநிலத்து நார்கோ முக்கியமானது. அங்க டைமண்ட்னு ஒரு குடியிருப்பு, மொத்தமே நாலு தெரு, கருப்பினக் குடும்பங்கள். ஒரு பக்கம் ஷெல் கம்பெனியோட கெமிக்கல் ஆலை, இன்னொரு பக்கம் சுத்திகரிப்பு ஆலை, நடுவுல இவங்க. 1973-ல குழாய்லருந்து கசிஞ்ச வாயு, ஒரு பையன் புல்லு வெட்டிக்கிட்டு இருந்த மெஷினோட பொறியில பத்திக்கிச்சு, அவனும் பக்கத்துல ஒரு பாட்டியும் செத்தாங்க. 1988-ல சுத்திகரிப்பு ஆலை வெடிச்சு ஏழு தொழிலாளிங்க போனாங்க. எங்கள வேற எடத்துக்கு அனுப்பிடுங்க, வீட்டுக்கு நியாயமான காச குடுங்கன்னு இந்த ஜனங்க கேட்டது வருஷக்கணக்கா நடந்துச்சு, கோர்ட்டுக்குப் போய் 1997-ல தோத்தாங்க. அதுக்கப்புறம்தான் வாளி. மார்ஜி யூஜின் ரிச்சர்ட்ங்கற ஸ்கூல் டீச்சர் முன்னால நின்னாங்க, அவங்க வீட்டுக்கும் ஆலை வேலிக்கும் நடுவுல இருந்தது சில அடிதான். சாம்பிள் ரிசல்ட்ட எடுத்துக்கிட்டு கூட்டம் கூட்டமா போய் காட்டினாங்க. கம்பெனி முதல்ல ரெண்டு தெருவ மட்டும் வாங்கிக்கறோம்னு சொல்லிப் பாத்துச்சு, அக்கா ஒரு தெரு தங்கச்சி அடுத்த தெருன்னு இருக்கற எடத்துல இது என்ன பங்கீடுன்னு ஜனங்க விடல. 2002-ல நாலு தெருவுக்கும் ஒத்துக்கிட்டாங்க. மார்ஜிக்கு 2004-ல கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைச்சுது. ஜெயிச்ச கதைதான், ஆனா ஜெயிச்சதுக்கு பரிசா ஊரே காலி ஆச்சுங்கறத நெனச்சா சந்தோஷப்படறதா வேண்டாமான்னு எனக்கு இன்னும் புரியல.

அதே வாளி 2004 வாக்குல கடலூர் சிப்காட் பக்கத்து கிராமங்களுக்கும் வந்துச்சு. ஆலைகளச் சுத்தி இருந்த ஊர்க்காரங்களுக்கு பயிற்சி குடுத்து, எந்த ஆலைப் பக்கத்துல, எந்த நேரம், என்ன வாடைன்னு குறிச்சு வைக்கவும், வாளியில காத்தப் புடிக்கவும் ஆரம்பிச்சாங்க. இதப் படிச்சப்ப என் நோட்ட தொட்டுப் பாத்துக்கிட்டேன். அந்த நேரத்துல நம்ம நாட்டுக் காத்துத் தர விதியில பென்சீன்ங்கற விஷ ஆவிக்குன்னு ஒரு வரம்பே கெடையாது, அது 2009-லதான் வந்துச்சு. வரம்பே இல்லாத ஒரு விஷம் எப்படி வரம்ப மீற முடியும், அதனால அதுவரைக்கும் எல்லா பென்சீனும் சட்டப்படி சுத்தம்.

பென்சீன் பத்தி ஒரு விஷயம். அது லேசா இனிப்பா வாசனை அடிக்கும்னு சொல்வாங்க. ஆனா மனுஷ மூக்குக்கு அது தெரிய ஆரம்பிக்கற அளவுக்கும், வருஷ சராசரிக்குன்னு வச்சிருக்கற வரம்புக்கும் (ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்) நடுவுல பல நூறு மடங்கு வித்தியாசம் இருக்கு. அதாவது மூக்கு சாட்சி சொல்ல ஆரம்பிக்கறப்பவே விஷயம் எங்கயோ போயிருக்கும். அழுகின முட்டை வாடை அடிக்கற ஹைட்ரஜன் சல்ஃபைடு இதுக்கு நேர் எதிர், துளி இருந்தாலே மூக்கு சொல்லிடும், ஆனா 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு) பக்கத்துல போயிடுச்சுன்னா மோப்ப நரம்பு மரத்துப் போய் வாடையே தெரியாது. "இப்ப நாத்தம் இல்ல, சரியாயிடுச்சு"ன்னு நாம நிம்மதியா மூச்சு விடற நேரம்தான் ஆபத்தான நேரமா இருக்கலாம். எங்க பக்கத்து வீட்டு அக்கா, நான் குடி வந்த முதல் வாரம், "நாலு நாள் போனா மூக்கு பழகிடும் தம்பி"ன்னு ஆறுதலா சொன்னாங்க. அவங்க சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, நெஜமாவே பழகிடுது.

சரி மூக்க விடுங்க, மெஷின் பொய் சொல்லுமான்னு கேட்டா, பொய் சொல்லாது, ஆனா என்ன கேக்கறோமோ அதுக்குத்தான் பதில் சொல்லும். நம்ம நாட்டுல நுண்துகளுக்கு (பிஎம் 2.5) 24 மணி நேர சராசரி வரம்பு 60 மைக்ரோகிராம். இப்ப ஒரு கணக்குப் போடுங்க. 23 மணி நேரம் காத்து நல்லா இருக்கு, 20 தான். ராத்திரி ஒரே ஒரு மணி நேரம் ஆலை புகைய தெறந்து விடுது, 900-க்கு போவுது. சராசரி எவ்ளோ? 56 சொச்சம். பாஸ். அந்த ஒரு மணி நேரத்துல ஆஸ்துமா குழந்தை ஒண்ணு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கும், அத எந்த சராசரியும் சொல்லாது. மனுஷன் நுரையீரல் 24 மணி நேரத்துக்கு சேத்து வச்சு ஒரே தடவையா மூச்சு விடறதில்ல பாருங்க.

அது ஒண்ணு. இன்னொண்ணு, கருவி எங்க இருக்குங்கறது. மெயின் ரோட்டுல கவர்மெண்ட் பில்டிங் மொட்டை மாடியில இருக்கும், ஆலை வேலியோரத்துல இருக்காது. அமெரிக்காவுலயே சுத்திகரிப்பு ஆலைகளோட வேலியோரத்துல பென்சீன் அளக்கணும்னு விதி வந்தது 2015-லதான், அளக்க ஆரம்பிச்சது 2018. மூணாவது, ஒவ்வொரு ஆலைக்கும் தனித்தனியா பெர்மிட். பத்து ஆலை இருந்தா பத்தும் "எங்க புகைபோக்கி அளவுக்குள்ள இருக்கு"ன்னு காட்டும், பத்தையும் கூட்டி மூக்குக்குள்ள விடறவன் கணக்கு யாருகிட்டயும் இல்ல. நியூ ஜெர்சி மாநிலம் 2020-ல ஒரு சட்டம் போட்டுச்சு, ஏற்கனவே சுமை ஏறிக் கெடக்கற ஊருக்கு இன்னொரு ஆலைய அனுமதிச்சா மொத்தச் சுமை என்ன ஆகும்னு பாத்து, மோசமாகும்னா பெர்மிட்ட மறுக்கணும்னு. அதுக்கு விதிமுறை வர 2023 ஆச்சு. எவ்ளோ சாதாரணமான விஷயம், கூட்டல் கணக்கு, அதுக்கு சட்டம் வேண்டியிருக்கு.

இந்த எடத்துல எல்லாரும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு, என் நண்பர்களே கேட்டிருக்காங்க. "யாரு உங்கள அங்க போய் குடியிருக்கச் சொன்னா?" என்னைய கேட்டா நியாயம்தான், நான் வாடகை கம்மின்னு போனவன். ஆனா எல்லாரையும் கேக்க முடியாது. 1984-ல கலிஃபோர்னியாவுல குப்பைய எரிக்கற ஆலைகள எங்க வச்சா எதிர்ப்பு கம்மியா இருக்கும்னு அரசாங்கக் குப்பை மேலாண்மை வாரியத்துக்கு செரல்னு ஒரு ஆலோசனை கம்பெனி ஒரு ரிப்போர்ட்டே எழுதிக் குடுத்துச்சு. வருமானம் கம்மியா இருக்கறவங்க, பள்ளிக்கூடப் படிப்போட நின்னவங்க, வயசானவங்க இருக்கற பகுதியா பாருங்கன்னு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கறத விட, யாரு கத்த மாட்டாங்கன்னு பாக்கறது சுலபம் போல. பால் மோஹாய், ராபின் சாஹான்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 2015-ல முப்பது வருஷ தரவ எடுத்துப் பாத்து, அபாயக் கழிவு ஆலைங்க ஏற்கனவே ஏழைங்களும் சிறுபான்மையினரும் இருக்கற எடமாத் தேடித்தான் அதிகமா போயிருக்குன்னு காட்டியிருக்காங்க. ஆலை வந்தப்புறம் ஏழைங்க போய் ஒட்டிக்கிட்டாங்கங்கற வாதம் அவ்ளோ நல்லா நிக்கல.

இந்த விவகாரத்துக்கே "சுற்றுச்சூழல் நீதி"ன்னு பேரு வந்த கதைய சொல்லணும்னா அமெரிக்காவோட வட கரோலினாவுக்குப் போகணும். 1978-ல யாரோ ராத்திரியோட ராத்திரியா லாரில வந்து, பிசிபிங்கற விஷ கெமிக்கல் கலந்த கழிவு எண்ணெய 240 மைல் நீளத்துக்கு ரோட்டோரமா ஊத்திட்டுப் போயிட்டாங்க. அந்த மண்ண வழிச்சு எங்கயாவது பொதைக்கணும். மாநில அரசு தேர்ந்தெடுத்தது வாரன் கவுண்ட்டி, கருப்பின மக்கள் அதிகம், ரொம்ப ஏழை. 1982-ல மண்ணு லாரி வரிசையா வந்தப்ப ஜனங்க ரோட்டுல படுத்தாங்க, 500 பேருக்கு மேல கைது. மறியல் தோத்துச்சு, மண்ணு வந்து எறங்குச்சு. ஆனா அதுக்கப்புறம் 1983-ல நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அலுவலகம் அந்தத் தெற்குப் பகுதியில இருந்த நாலு பெரிய அபாயக் கழிவுக் கிடங்கப் பாத்தப்ப, மூணு கருப்பின மக்கள் பெரும்பான்மையா இருந்த ஊர்ல இருந்துச்சு.

அதுக்கும் முன்னாடி, 1979-லயே, ஹூஸ்டன்ல ராபர்ட் புல்லர்ட்னு ஒரு சமூகவியல் வாத்தியார் இத கைக்கணக்கா பண்ணியிருந்தாரு. அவரு மனைவி லிண்டா வக்கீல், ஒரு கருப்பினக் குடியிருப்புல குப்பைக் கிடங்கு வர்றத எதிர்த்து கேஸ் போட்டாங்க, எனக்கு ஆதாரம் வேணும்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டாங்க. அவரு மாணவருங்கள கூட்டிக்கிட்டு பழைய ரெக்கார்டெல்லாம் தோண்டினாரு. நகராட்சியோட அஞ்சு குப்பைக் கிடங்குல அஞ்சும் கருப்பினப் பகுதியில. எரிக்கற ஆலை எட்டுல ஆறு அங்கதான். ஊர் ஜனத்தொகையில அவங்க கால்வாசி. இத விட என்ன ஆதாரம் வேணும்னு நமக்குத் தோணும், ஆனா அந்த கேஸ் தோத்துப் போச்சு. அனுமதி குடுத்தது வருந்தத்தக்கதுதான், உணர்வில்லாத முடிவுதான், ஆனா வேணும்னே இனத்த வச்சு செஞ்சாங்கன்னு நிரூபிக்கலயேன்னு நீதிபதி சொல்லிட்டாங்க. புகை வர்றத நிரூபிக்கறதோட முடியல, விட்டவன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னும் நீயே நிரூபிக்கணும்.

நான் இத்தன நாள் படிச்சதுல கடைசில வந்து நின்ன எடம் இதுதான். நிரூபிக்கற வேலை யாரு தலையில இருக்கு? ஒரு ஆலைக்கு லேப் இருக்கு, கெமிஸ்ட் இருக்காங்க, உள்ள என்ன ஓடுதுன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும். வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கறவனுக்கு மூக்கும் ஒரு நோட்டும். நிரூபிக்க வேண்டியவன் இந்தப் பக்கத்துக்காரன். ஊருக்குள்ள கேன்சர் அதிகமா இருக்கேன்னு சொன்னா, ஊரு ரொம்ப சின்னது, எண்ணிக்கை புள்ளியியல்படி போதாதுன்னு பதில் வரும். போதற அளவுக்கு எண்ணிக்கை வரணும்னா எத்தன பேரு சாகணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

தெரிஞ்சிருந்தும் சொல்லாததுக்கு மினமாட்டாவ விட பெரிய உதாரணம் எனக்கு தெரியாது. ஜப்பான்ல கடலோர ஊரு. சிஸ்ஸோ கம்பெனி 1932-லருந்து அசெட்டால்டிஹைடுங்கற கெமிக்கல தயாரிச்சு, பாதரசம் கலந்த கழிவ வளைகுடாவுல விட்டுக்கிட்டு இருந்துச்சு. முதல்ல அங்க புடிச்ச மீனத் தின்ன பூனைங்க ஆட ஆரம்பிச்சுது, சுத்தி சுத்தி ஓடிப் போய் கடல்ல விழுந்துச்சு. அப்புறம் குழந்தைங்க. 1956-ல நோய்னு பதிவாச்சு, ஆனா தொத்து நோய்னு நெனச்சு மீனவக் குடும்பங்கள ஊரே ஒதுக்கி வச்சுது. கம்பெனியோட ஆஸ்பத்திரியிலயே வேலை பாத்த டாக்டர் ஹொசோகாவா ஹாஜிமே பூனைங்கள வச்சு சோதனை பண்ணிக்கிட்டு இருந்தாரு, 1959-ல 400-ஆம் நம்பர் பூனைக்கு ஆலைக் கழிவ நேரடியா சாப்பாட்டுல கலந்து குடுத்தாரு, அக்டோபர்ல அதுக்கும் அதே நோய் வந்துச்சு. மேலிடத்துல சொன்னாரு. வெளிய சொல்லாதீங்க, சோதனைய நிறுத்துங்கன்னாங்க.

அதே வருஷம் டிசம்பர்ல ஒரு சுத்திகரிப்பு கருவிய பெரிய விழா வச்சு தெறந்தாங்க, தலைவர் எல்லார் முன்னாடியும் தண்ணிய குடிச்சுக் காட்டினாரு. கரிமப் பாதரசத்த எடுக்கறதுக்கு செஞ்ச கருவியே இல்ல அது. அதே மாசம் நோயாளிங்களுக்கு "அனுதாபத் தொகை"ன்னு ஒரு ஒப்பந்தம், பின்னாடி கம்பெனிதான் காரணம்னு தெரிய வந்தாலும் மேற்கொண்டு கேக்க மாட்டோம்னு ஒரு ஷரத்தோட. கையெழுத்துப் போட்டவங்க மேல எனக்கு கோவமே வராது, நானும் போட்டவன்தானே. அரசாங்கம் கம்பெனிதான் காரணம்னு வாயத் தெறந்து சொன்னது 1968-ல. டாக்டர் ஹொசோகாவா 1970-ல ஆஸ்பத்திரிப் படுக்கைல கேன்சரோட இருக்கும்போது கோர்ட்டுக்கு வாக்குமூலம் குடுத்தாரு, 400-ஆம் பூனைய பத்தி. சில மாசத்துல இறந்துட்டாரு. 1973-ல கோர்ட் அந்த ஷரத்து செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு.

லண்டன் கதை ஒண்ணு, ஆலை இல்ல ரோடுதான், ஆனாலும் சொல்லாம விட முடியல. எல்லான்னு ஒன்பது வயசுப் பொண்ணு, பரபரப்பான ஒரு ரோட்டுலருந்து முப்பது மீட்டருக்குள்ள வீடு, 2013-ல கடுமையான ஆஸ்துமால இறந்துபோனா. 2014 விசாரணையில காத்து மாசு பத்தின பேச்சே இல்ல. அம்மா ரோசாமண்ட் விடல. அவ ஆஸ்பத்திரிக்கு போன தேதிகளையும் பக்கத்துல இருந்த அளவுக் கருவி பதிவுகளையும் ஒரு பேராசிரியர் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. 2020 டிசம்பர்ல ரெண்டாவது விசாரணை, காத்து மாசும் அவ சாவுக்கு ஒரு காரணம்னு பதிவாச்சு, பிரிட்டன்ல அப்படி ஒரு பதிவு அதுதான் முதல் தடவ. ஒரு வரிக்கு ஒரு அம்மா ஏழு வருஷம் அலைஞ்சிருக்காங்க.

நம்ம நாட்டு சட்டம் இந்த விஷயத்துல தாள்ல ரொம்ப அழகா இருக்குங்கறதையும் சொல்லியாகணும். 1985 டிசம்பர்ல, போபால் நடந்து சரியா ஒரு வருஷத்துல, டெல்லில ஸ்ரீராம் ஆலைலருந்து ஓலியம் வாயு கசிஞ்சுச்சு, அந்த வழக்குல 1986 டிசம்பர்ல, ஆபத்தான தொழில் செய்யறவன் அதுல வர்ற கேட்டுக்கு சாக்கு எதுவும் சொல்ல முடியாது, முழுப் பொறுப்பும் அவனோடதுதான்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. 1996-ல வேலூர் மாவட்டத் தோல் பதனிடற ஆலைங்க பாலாறக் கெடுத்த வழக்குல இன்னும் ஒரு படி மேல போய், என் தொழிலால சூழலுக்குக் கெடுதல் இல்லன்னு நிரூபிக்கற கடமை தொழில் நடத்தறவனோடதுன்னே எழுதிட்டாங்க. அத முதல் தடவ படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல. 1996-லயே சொல்லியாச்சு! அப்புறம் எதுக்கு அந்த மத்தியானம் என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க? அதே பாலாறு, அதே தோல் கழிவு விவகாரம் 2025 ஜனவரில மறுபடியும் உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பாச்சு, நஷ்டஈடு குடுங்க, கெடுத்தத சரி பண்ணுங்கன்னு. நடுவுல இருபத்தெட்டு வருஷம்.

சட்டம் பின்னாலயும் போகும். அமெரிக்காவுல 1994-ல கிளின்டன் போட்ட சுற்றுச்சூழல் நீதி ஆணைய 2025 ஜனவரில டிரம்ப் ஒரு கையெழுத்துல ரத்து பண்ணிட்டாரு. ஐநா பொதுச்சபைல 2022 ஜூலைல சுத்தமான சூழல் மனித உரிமைன்னு 161 நாடு ஓட்டுப் போட்டுச்சு, எதிர்த்து ஒரு ஓட்டு கூட இல்ல. எதிர்ப்பே இல்லாத தீர்மானம்னா எனக்கு கொஞ்சம் சந்தேகம், யாருக்கும் அதனால எந்தத் தொந்தரவும் வராதுன்னு தெரிஞ்சாத்தான் எல்லாரும் கை தூக்குவாங்க.

போபால் பேரு வந்துடுச்சு, அத விட்டுட்டுப் போக முடியாது. 1984 டிசம்பர் 2 ராத்திரி சுமார் 40 டன் விஷ வாயு, எதிர்ல இருந்த குடிசைப் பகுதிங்க மேலதான் முதல்ல எறங்குச்சு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. நான் சொல்ல வந்தது அதோட வால். ஆலைக்குள்ள கெடந்த கழிவுல 337 டன்ன நாப்பது வருஷம் கழிச்சு 2025 புத்தாண்டு ராத்திரி 12 லாரில ஏத்தி, போலீஸ் பாதுகாப்போட, சுமார் 250 கிலோமீட்டர் தள்ளி பிதம்பூர்னு ஒரு தொழிற்பேட்டைக்கு கொண்டு போனாங்க. பிதம்பூர் ஜனங்க தெருவுக்கு வந்தாங்க, ரெண்டு பேரு தன்மேல தீ வச்சுக்கப் பாத்தாங்க. எல்லாம் பாதுகாப்பு, எல்லாம் அளவுக்குள்ளன்னு சொல்லப்பட்டுச்சு. ஜூன் கடைசிக்குள்ள எரிச்சு முடிச்சாங்க. போபால் ஜனங்க அந்தக் கழிவு போகணும்னு கேட்டது நியாயம், பிதம்பூர் ஜனங்க எங்களுக்கு வேண்டாம்னு சொன்னதும் நியாயம். ரெண்டு நியாயத்தையும் எதிரெதிரா நிக்க வச்சுட்டு, கழிவ உண்டாக்கினவங்க அந்தப் படத்துலயே இல்ல.

என் நோட்டு என்ன ஆச்சுன்னு கேட்டா, ஒண்ணும் ஆகல. நாலு நோட்டு நிரம்பிச்சு. ஒரு தடவ மனுவோட சேத்து நகல் குடுத்தேன், "இது கையால எழுதினது சார், ரெக்கார்டா எடுத்துக்க முடியாது"ன்னாங்க. பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச நாள் எனக்குப் போட்டியா அவங்க பேரனோட இருமல குறிச்சு வச்சாங்க, அப்புறம் அவங்க மகனுக்கு அதே ஆலைல கான்ட்ராக்ட் வேலை கிடைச்சுது, குறிக்கறத நிறுத்திட்டாங்க, நானும் கேக்கல.

கடைசில வேற வேலை கிடைச்சு நான் வீட்ட காலி பண்ணேன். நான் பண்ண முடிஞ்சுது, அந்தத் தெருவுல முக்கால்வாசி பேரால முடியாது. சாமான் ஏத்திக்கிட்டு இருக்கும்போது வீட்டுக்காரர் புதுசா வர்றவங்கள கூட்டிக்கிட்டு வந்தாரு, புருஷன் பொண்டாட்டி, இடுப்புல ஒரு குழந்தை. மத்தியான நேரம், காத்து எதிர்ப்பக்கம், தெரு சுத்தமா இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஜன்னல தெறந்து பாத்துட்டு, "நல்ல காத்தோட்டமா இருக்கே, ஏன்ணா காலி பண்றீங்க?"னு கேட்டாங்க.

வீட்டுக்காரர் என்னைய பாத்தாரு. பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"ஆபீஸ் தூரமாயிடுச்சும்மா"ன்னேன்.

அக்கா ஒண்ணும் சொல்லல, உள்ள போயிட்டாங்க. நாலு நோட்டும் அப்ப என் தோள்ல தொங்கின பையிலதான் இருந்துச்சு.